டமாரிஸ் ஆல்வெஸ்: பி.ஏ. நாற்காலியிலிருந்து செனட்டுக்கு

கேள்வி: பிரேசிலின் டமாரிஸ் ஆல்வெஸ் ஒரு வழக்கறிஞர், சபைப் போதகரும்கூட. ஒரு தேர்தலில்கூட நிற்காதவர் 2019-இல் நேராக மந்திரியானது எப்படி? சபைகளின் ஓட்டு பலம்தான் காரணமா? "ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு ரோஸ்" என்று சொன்னதைத் தவிர அவர் அரசியலில் என்ன செய்திருக்கிறார்?

சபைகளின் ஓட்டு என்பது பாதி பதில்தான். மேடையில் முழங்கிப் பேர் வாங்கி, அந்தக் கூட்டத்தை அப்படியே ஓட்டாக மாற்றி எம்.பி. ஆன போதகர்கள் பிரேசிலில் டஜன் கணக்கில் உண்டு. டமாரிஸ் வந்த வழி வேறு. பிரசிலியா நாடாளுமன்றத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு எம்.பி.க்களிடமும் செனட்டர்களிடமும் சட்ட ஆலோசகராக வேலை பார்த்தவர் அவர். நம்மூர்க் கணக்கில் பி.ஏ., அதாவது தனி உதவியாளர், என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கமிட்டியில் எந்த மசோதா எப்போது வருகிறது, எந்தப் பிரிவில் எந்த வார்த்தையை நுழைத்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வது அலுவலக வேலை. அதே மசோதாவைக் கையில் எடுத்துக்கொண்டு சபை சபையாகப் போய்ப் பிரசங்க மேடையில் விளக்குவது ஊழியம். சட்டப் படிப்பும் ஊழியமும் ஒரே ஆளிடம் இருந்ததில் கிடைத்த பலம் அது. பின்னாளில் அவர் மாட்டிக்கொண்ட இடங்களும் இந்த இரட்டைத் தொழிலிலிருந்து வந்தவைதான்.

1964 மார்ச் 11 அன்று, தென் பிரேசிலின் பரானா மாநிலத்துத் துறைமுக நகரமான பரனகுவாவில் பிறந்தார். பெயர் வேதாகமத்திலிருந்து வந்தது: அப்போஸ்தலர் 17-ஆம் அதிகாரத்தில், ஏதென்ஸ் நகரத்தில் பவுலின் பேச்சைக் கேட்டு விசுவாசியாகும் தாமரி என்ற ஸ்திரீ வருகிறாளே, அவள் பெயர். அப்பா ஃபோர்ஸ்கொயர் சுவிசேஷ சபையின் போதகர். சபை அனுப்பும் ஊருக்கெல்லாம் குடும்பமும் மூட்டை கட்டிக்கொண்டு போகும். சிறு வயதில் பெரும்பகுதி வடகிழக்கு மாநிலங்களில் கழிந்தது. ஃபோர்ஸ்கொயர் சபையை 1920களில் லாஸ் ஏஞ்சல்சில் தொடங்கியவரே ஏமி செம்பிள் மெக்பர்சன் என்ற பெண்தான். பெண்ணைப் பிரசங்க மேடையில் ஏற்றத் தயங்காத சபை அது. பெண்ணுக்குப் போதகர் பட்டம் கொடுக்க இன்றும் யோசிக்கும் சபைகள் நிறைந்த நாட்டில், ஒரு போதகரின் மகளுக்கு இது பெரிய வாசல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆறு வயதிலிருந்து தனக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகவும், செய்தவர்கள் சபையின் பெயரில் வீட்டுக்கு வந்து போனவர்கள் என்றும் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பத்து வயதில், சாக வேண்டும் என்ற எண்ணத்தோடு ஒரு கொய்யா மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தபோது இயேசுவைக் கண்டதாகச் சபைகளில் சாட்சி சொல்வார். மந்திரியாக அறிவிக்கப்பட்ட 2018 டிசம்பரில் அந்த வீடியோவை யாரோ வெட்டி ஒட்டிப் பரப்ப, 'கொய்யா மரத்தில் இயேசு' என்று நாடே கேலி செய்தது. முழு வீடியோவைப் பார்த்திருந்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது. கேலி செய்தவர்களில் பெரும்பாலோர் படித்த, முற்போக்கான ஆட்கள் என்பதை விசுவாசிகள் மறக்கவே இல்லை. என் கணிப்பில், டமாரிஸுக்கு முதல் தேர்தல் பிரசாரத்தைச் செய்து கொடுத்தது அந்தக் கேலிதான்.

1980களில் சாவ் பாவ்லோ மாநிலத்தின் சாவ் கார்லோஸ் நகரில் சட்டம் படித்தார். 1990களின் கடைசியில் தலைநகரம் பிரசிலியாவுக்கு வந்தார். அவரைக் கூட்டி வந்தது உறவு. மாமா ஜோசுவே பெங்ட்சன், பாரா மாநிலத்து எம்.பி.; அவரும் ஃபோர்ஸ்கொயர் போதகர். வேலை கிடைத்த விதத்தில் அதிசயம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு எம்.பி.க்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின, ஆட்சியும் கார்டோசோவிடமிருந்து லூலாவுக்கும் லூலாவிடமிருந்து டில்மாவுக்கும் போனது. டமாரிஸின் நாற்காலி மட்டும் அங்கேயே இருந்தது.

அவர் வந்த காலத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரேசிலில் 'எவாஞ்செலிகோ' என்றால் பாப்டிஸ்ட், பிரஸ்பிடேரியன், அசெம்ப்ளி ஆஃப் காட், யுனிவர்சல் சபை என்று புராட்டஸ்டன்ட், பெந்தெகொஸ்தே கிறிஸ்தவர் அனைவரும் அதில் அடக்கம். 1980 கணக்கெடுப்பில் அவர்கள் மக்கள்தொகையில் 7 சதவீதத்துக்கும் கீழே. 2010-இல் 22 சதவீதம், 2022-இல் ஏறத்தாழ 27 சதவீதம். ராணுவ ஆட்சி முடிந்து புதிய அரசியல் சாசனம் எழுத 1986-இல் தேர்தல் நடந்தபோது, 'அரசியல் நமக்கெதற்கு' என்று ஒதுங்கியிருந்த பெந்தெகொஸ்தே சபைகள் 'சகோதரன் சகோதரனுக்கே ஓட்டுப் போடுவான்' என்று களத்தில் இறங்கின. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே வந்தார்கள். 2003-இல் கட்சி கடந்த எவாஞ்சலிக்கல் எம்.பி.க்கள் அணி முறைப்படி பதிவானது. புதன்கிழமை காலையில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் ஒரு கூடத்தில் ஆராதனையே நடக்கும். பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் முடித்துவிட்டுக் கமிட்டிக்குப் போவார்கள்.

அந்த எம்.பி.க்களில் பலருக்குச் சபை நடத்தத் தெரியும், கூட்டத்தைக் கட்டிப்போடத் தெரியும், அலைவரிசை லைசென்ஸ் வாங்கத் தெரியும். மசோதா படிக்கத் தெரியாது. அந்த இடத்தில்தான் டமாரிஸுக்கு வேலை இருந்தது. 2011-இல் பள்ளிகளில் ஓரினச் சேர்க்கையாளர் மீதான வெறுப்பைக் குறைப்பதற்காகக் கல்வித்துறை தயாரித்த பாடப் பொருள்களை எதிர்த்து அந்த அணி பெரிய சத்தம் போட்டது. அதிபர் டில்மா மே மாதமே திட்டத்தை நிறுத்திவைத்தார். 2014-இல் தேசியக் கல்வித் திட்டச் சட்டத்திலிருந்து 'பாலினம்' என்ற சொல்லை எடுக்க வைத்ததும் இதே அணியின் அழுத்தம். டமாரிஸ் இந்தச் சண்டைகளைச் சபைகளுக்கு எடுத்துப் போனார். மேடையில் பெரிய திரை, திரையில் அரசு வெளியிட்ட கையேட்டின் பக்கம், கையில் மைக். "உங்கள் பிள்ளையின் பள்ளியில் இதைத்தான் கொடுக்கப் போகிறார்கள்" என்பார். காட்டுவதில் உண்மையும் இருக்கும், மிகையும் இருக்கும். ஹாலந்து நாட்டுப் பெற்றோர்கள் கைக்குழந்தைகளிடம் நடந்துகொள்ளும் முறை என்று அவர் ஒரு பழைய சொற்பொழிவில் சொன்ன ஆபாசமான கதை 2019-இல் வெளியே வந்து, டச்சுப் பத்திரிகைகள்வரை போய் நாறியது. ஆனால் சபையில் உட்கார்ந்து கேட்பவர் குறுக்கு விசாரணை செய்யமாட்டார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

சட்டத் திறமை தெரிந்த இன்னொரு இடம் பழங்குடிகள் விவகாரம். சில அமேசான் குழுக்களில் ஊனத்தோடு பிறக்கும் குழந்தைகளையும் இரட்டைக் குழந்தைகளையும் கொன்றுவிடும் வழக்கம் இருப்பதாகச் சொல்லி, அதை எதிர்க்க 2006-இல் 'அட்டினி' என்ற அமைப்பை மிஷனரி நண்பர்களோடு சேர்ந்து தொடங்கினார். அடுத்த ஆண்டே 'முவாஜி சட்டம்' என்ற பெயரில் மசோதா வந்தது. அதைக் கொண்டுவந்த எம்.பி. அப்போது தொழிலாளர் கட்சிக்காரர், அதாவது லூலாவின் கட்சி. கட்சிக் கோடுகளைத் தாண்டி எப்படி வேலை நடந்தது என்பதற்கு இது ஒரு சாட்சி. 2015-இல் கீழவை அதை நிறைவேற்றியது. மானுடவியலாளர்கள், எங்கோ அரிதாக நடப்பதைக் காட்டிப் பழங்குடி மக்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள் என்று எதிர்த்தார்கள். டமாரிஸ் தன் மகளாக வளர்த்த கமயுரா இனப் பெண்ணைப் பற்றியும் கேள்வி எழுந்தது: முறைப்படி தத்தெடுப்பு நடக்கவில்லை என்றும், சிறு வயதில் கிராமத்திலிருந்து கொண்டுபோனார்கள் என்று உறவினர் சிலர் சொல்வதாகவும் 2019 ஜனவரியில் ஒரு வார இதழ் எழுதியது. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் நடந்தது என்பது டமாரிஸின் பதில்.

2012-இல் எவாஞ்சலிக்கல் சட்ட வல்லுநர்களுக்கென ஒரு தேசியச் சங்கம் உருவானபோது அதை ஆரம்பித்தவர்களில் அவரும் ஒருவர். போதகராக அவர் இருந்தது பெலோ ஹொரிசாண்டே நகரின் லகொயின்யா பாப்டிஸ்ட் சபையில். அலுவலகமோ கடைசி ஆண்டுகளில் செனட்டர் மாக்னோ மால்டாவுடையது.

மால்டா இந்தக் கதைக்கு முக்கியம். எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலத்துச் செனட்டர், போதகர், மேடையில் பாடுகிறவர். சிறார் பாலியல் குற்றங்களை விசாரித்த செனட் குழுவுக்கு 2008 முதல் தலைவராக இருந்து நாடு முழுக்கத் தெரிந்த முகம். 2018-இல் அதிபர் தேர்தலில் நின்ற போல்சொனாரோ இவரைத் துணை அதிபர் வேட்பாளராக வரச் சொன்னார். செனட் சீட்டுதான் நிச்சயம் என்று மால்டா மறுத்துவிட்டார். அந்தச் சீட்டில் தோற்றுப் போனார். அக்டோபர் 28 இரவு, போல்சொனாரோ வெற்றி உரைக்கு முன் நேரலையில் ஜெபம் செய்தவரும் இவரே. மந்திரி பதவி உறுதி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 6 அன்று அறிவிப்பு வந்தது: பெண்கள், குடும்பம், மனித உரிமைகள் துறைக்கு மந்திரி, மால்டாவின் அலுவலகத்து டமாரிஸ். முதலாளி வாசலில் நிற்க, பி.ஏ. உள்ளே போய்விட்டார்.

ஏன் இவர்? போல்சொனாரோவுக்கு எவாஞ்சலிக்கல் ஓட்டுக்குக் கைம்மாறு செய்ய வேண்டியிருந்தது. ஒரு பெரிய சபைத் தலைவருக்குக் கொடுத்தால் மற்ற சபைத் தலைவர்களுக்குப் பொறுக்காது. அவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். டமாரிஸிடம் சொந்தமாகச் சபை சாம்ராஜ்யமோ டிவி சேனலோ கட்சியோ இல்லை. எல்லா சபைக்கும் தெரிந்தவர், எவருக்கும் போட்டி இல்லாதவர். துறையின் கோப்புகளும் இருபது ஆண்டுப் பழக்கம். அந்த மந்திரிசபையில் பெண்கள் இருவர்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதவியேற்ற 2019 ஜனவரி 2 அன்றே இரண்டு வாக்கியங்கள் வந்தன. ஆதரவாளர்கள் நடுவே கைகளை ஆட்டி, "புதிய யுகம் பிறந்தது, ஆண் பிள்ளை நீலம் போடும், பெண் பிள்ளை ரோஸ் போடும்" என்றது உலகம் முழுக்கப் போனது. நீங்கள் கேட்டது அதைத்தான். என்னைக் கேட்டால் இரண்டாவது வாக்கியம்தான் கனமானது. "அரசு மதச்சார்பற்றது, ஆனால் இந்த மந்திரி பயங்கரமான கிறிஸ்தவர்" என்று பதவியேற்பு உரையில் சொன்னார். அந்தப் 'பயங்கர' என்ற சொல்லை அதே ஆண்டு ஜூலையில் போல்சொனாரோ கையில் எடுத்து, உச்ச நீதிமன்றத்துக்குப் 'பயங்கரமான எவாஞ்சலிக்கல்' ஒருவரை அனுப்புவேன் என்று வாக்குக் கொடுத்தார்.

முதல் மாதத்திலேயே ஒரு சறுக்கலும் நடந்தது. பல ஆண்டுகளாகச் சபை மேடைகளில் தன்னைக் கல்வியிலும் சட்டத்திலும் முதுகலைப் பட்டம் பெற்றவர் என்று சொல்லி வந்திருந்தார். ஒரு நாளிதழ் தேடிப் பார்த்தது. அப்படி எந்தப் பட்டமும் இல்லை. அவர் கொடுத்த விளக்கம்: சபைகளில் வேதத்தைப் போதிக்கிறவர்களை 'மெஸ்ட்ரே' என்பார்கள் (முதுகலைப் பட்டதாரிக்கும் அங்கே அதே சொல்தான்), எபேசியர் 4:11-இல் இருக்கிறது, அந்த அர்த்தத்தில் சொன்னது. சபைக்குள் இது செல்லுபடியாகலாம். ஒரு வழக்கறிஞர் தன் கல்வித் தகுதிக்குக் கொடுக்கும் பதிலாக இது எப்படி நிற்கும்?

துறையில் என்ன செய்தார் என்பதற்கு வருகிறேன். சத்தம் போட்ட விஷயங்களைவிடச் சத்தமில்லாமல் நடந்தவை பெரியவை. ராணுவ ஆட்சியில் கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் பற்றி ஆராயும் சிறப்பு ஆணையத்தில் ஏழு பேரில் நாலு பேரை 2019 ஆகஸ்டில் அதிபரும் டமாரிஸும் கையெழுத்துப் போட்டு மாற்றினார்கள். புதிய தலைவர் டமாரிஸின் ஆலோசகர். ராணுவ ஆட்சியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு பரிந்துரைக்கும் குழுவும் இவர் துறைக்கு வந்தது. மனுக்கள் கொத்துக்கொத்தாகத் தள்ளுபடி ஆயின. பழங்குடிகள் துறையான ஃபுனாயையும் முதலில் இவரிடம் கொடுத்தார்கள், நாடாளுமன்றம் மே மாதம் பிடுங்கி மறுபடி நீதித்துறையிடம் கொடுத்தது. வெளிநாட்டு அரங்கில், 2020 அக்டோபரில் அமெரிக்கா, ஹங்கேரி, எகிப்து, இந்தோனேசியா, உகாண்டாவோடு சேர்ந்து பிரேசில் முன்னின்று கையெழுத்திட்ட ஜெனீவா பிரகடனம் இவர் துறையின் உழைப்பு: கருக்கலைப்பு சர்வதேச உரிமை அல்ல என்பது அதன் சாரம். லூலா திரும்பி வந்த 2023 ஜனவரியிலேயே பிரேசில் அதிலிருந்து விலகியது.

அவர் பாணியைப் புரிந்துகொள்ள ஒரு காட்சி போதும். 2019 நவம்பர் 25, பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாள். நிருபர்களை வரச் சொன்னார். வந்து நின்றார். கேள்வி மேல் கேள்வி விழுந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. கண் கலங்கியவர்போல் திரும்பிப் போய்விட்டார். ராஜினாமாவா, உடம்பு சரியில்லையா என்று செய்தி அறைகள் பரபரத்தன. சிறிது நேரத்தில் விழா மேடையில் விளக்கம் வந்தது: வாயடைக்கப்பட்ட பெண்ணின் மௌனம் எவ்வளவு உறுத்தும் என்று காட்டத்தான் அப்படி நின்றாராம். இது பிரசங்கியின் கை. நிருபர்கள் எரிச்சலானார்கள், ஆனால் செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் டேட்டாஃபோல்யா எடுத்த கருத்துக்கணிப்பில், நீதித்துறை மந்திரி மோரோவுக்கு அடுத்தபடி அதிக மதிப்புப் பெற்ற மந்திரி டமாரிஸ்தான். பொருளாதார மந்திரி கெடெஸ் அவருக்குப் பின்னால்.

2020 கடுமையான ஆண்டு. ஏப்ரல் 22 மந்திரிசபைக் கூட்டத்தின் வீடியோவை உச்ச நீதிமன்றம் மே மாதம் வெளியிட்டபோது, பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளுக்காக ஆளுநர்களையும் மேயர்களையும் கைது செய்யச் சொல்லிக் கேட்போம் என்று டமாரிஸ் பேசுவதை நாடே பார்த்தது. ஆகஸ்டில், உறவினரால் வன்கொடுமைக்கு ஆளான பத்து வயதுச் சிறுமிக்குச் சட்டம் அனுமதிக்கும் கருக்கலைப்பு நடப்பதைத் தடுக்க அவர் துறையிலிருந்து ஆட்கள் போனார்கள் என்று செய்தி வந்தது. அவர் மறுத்தார். அந்தச் சிறுமியின் பெயரை வெளியிட்டு, மருத்துவமனை வாசலுக்குக் கூட்டத்தை அழைத்தவர் ஒரு காலத்தில் டமாரிஸின் துறையில் வேலை பார்த்தவர் என்பது மறுக்க முடியாததாக இருந்தது.

இனி மராஜோ. டமாரிஸின் அரசியலை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். அமேசான் நதி கடலில் சேரும் வாயில் கிடக்கும் பெரிய தீவுக்கூட்டம். பாரா மாநிலத்தைச் சேர்ந்தது. நாட்டிலேயே மனித வளர்ச்சிக் குறியீடு மிகக் குறைந்த ஊரான மெல்காசோ அங்கேதான் இருக்கிறது. ஆற்றில் போகும் படகுகளைச் சிறு தோணிகளில் நெருங்கி, எண்ணெய்க்கும் உணவுக்கும் சில்லறைக்கும் சிறுமிகள் சுரண்டப்படுவது அங்கே பல காலமாக எல்லோருக்கும் தெரிந்த அவலம். மராஜோவின் கத்தோலிக்க ஆயராக இருந்த அஸ்கோனா கொலை மிரட்டல்களுக்கு நடுவே ஆண்டுக்கணக்காக இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாநிலச் சட்டமன்றமும் விசாரித்தது. அதாவது, டமாரிஸ் கையில் எடுத்தது உண்மையான பிரச்சினை. தேசிய அளவில் ஒரு மந்திரி அதைத் தன் முதல் வேலையாக வைத்தது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன்.

எடுத்த விதம்தான் கெடுத்தது. 2019 ஜூலையில், அந்தச் சிறுமிகளுக்கு உள்ளாடை இல்லாததால்தான் இப்படி நடக்கிறது என்று சிலர் சொல்வதாகவும், அங்கே ஒரு உள்ளாடைத் தொழிற்சாலை வைக்கலாம் என்றும் பேசினார். 2020-இல் 'மராஜோவை அரவணைப்போம்' என்ற திட்டம் வந்தது. படகு, ரேஷன் மூட்டை, அறிவிப்புகள். பெரிய அளவில் ஒன்றும் மாறவில்லை என்று விமர்சனம் எழுந்தது, 2023-இல் புதிய அரசு திட்டத்தையே ரத்து செய்தது.

இடையில் 2022 அக்டோபர் 8. முதல் சுற்றில் செனட்டராக ஜெயித்துவிட்டு, இரண்டாம் சுற்றில் போல்சொனாரோவுக்காகப் பிரசாரம் செய்துகொண்டிருந்த நேரம். கொயானியா நகரில் ஒரு அசெம்ப்ளி ஆஃப் காட் ஆலயத்தில், சிறு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்த சபையில், மராஜோவிலிருந்து குழந்தைகளை எல்லை தாண்டிக் கடத்துகிறார்கள், கொடுமை செய்ய வசதியாகப் பல்லைப் பிடுங்குகிறார்கள், துறையிடம் படங்களே இருக்கின்றன என்று சொன்னார். வீடியோ தீயாகப் பரவியது. மத்திய அரசு வழக்குத் தொடுப்பு அமைப்பு உடனே கேட்டது: ஆதாரத்தைக் கொடுங்கள், மந்திரியாக இருந்தபோது தெரிந்திருந்தால் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? 2006 முதல் 2015 வரை தாங்கள் கையாண்ட ஆள்கடத்தல் விசாரணைகளில் எதிலும் இப்படியொரு சித்திரவதை சொல்லப்படவில்லை என்றும் அறிவித்தது. டமாரிஸ் ஒரு வானொலிப் பேட்டியில், எல்லைப் பகுதித் தெருவில் மக்கள் பேசிக்கொள்வதைக் கேட்டேன் என்றார். 2023-இல் 50 லட்சம் ரியால் (பிரேசில் பணம்) நஷ்டஈடு கேட்டு அவர் மீது வழக்குப் பதிவானது. மராஜோ மக்களுக்கு ஏற்பட்ட அவப்பெயருக்காக.

சபையில் சாட்சி சொல்பவரிடம் யாரும் தேதி, இடம், ஆவணம் கேட்பதில்லை. கேட்பது மரியாதையும் இல்லை. டமாரிஸ் அந்தப் பேச்சு முறையை மந்திரி பதவிக்குள் கொண்டுவந்தார். உள்ளே இருந்த வழக்கறிஞர் அந்த நேரத்தில் எங்கே போனார் என்பதுதான் எனக்கு இன்றும் புரியாதது. மசோதாவின் ஒரு சொல்லுக்காக இரவு முழுக்க உட்கார்ந்தவர், ஆயிரக்கணக்கான குழந்தைகள் பற்றிய குற்றச்சாட்டை ஒரு தாள்கூட இல்லாமல் மேடையில் வைத்தார். உண்மையாகவே சுரண்டப்படும் பிள்ளைகளின் வழக்குகளுக்கு அது செய்த கெடுதல் பெரிது. ஆயர் அஸ்கோனா சொன்னதைக்கூட 'டமாரிஸ் கதை' என்று தள்ளிவிடுகிற நிலை வந்தது.

இங்கே ஆந்த்ரே மென்டோன்சாவை ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும்; அவரும் வழக்கறிஞர், அவரும் போதகர், பிரஸ்பிடேரியன். அரசு வழக்கறிஞர் பணியில் 2000-இலிருந்து படிப்படியாக ஏறியவர், ஸ்பெயினின் சலமான்கா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். போல்சொனாரோ ஆட்சியில் அரசின் தலைமை வழக்கறிஞர், 2020 ஏப்ரலில் நீதித்துறை மந்திரி, பிறகு மறுபடி தலைமை வழக்கறிஞர். 2021 ஏப்ரலில் பெருந்தொற்றுக் காலத்தில் ஆலயங்களைத் திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் வேதவசனம் காட்டி வாதாடித் தோற்றார், 9-க்கு 2. 'பயங்கரமான எவாஞ்சலிக்கல்' இடம் அவருக்குத்தான் போனது. நாலு மாதத்துக்கும் மேல் செனட் கமிட்டித் தலைவர் இழுத்தடித்தார். டிசம்பர் 1 அன்று விசாரணையில் மென்டோன்சா சொன்ன வாசகம் கச்சிதமானது: வாழ்க்கையில் வேதாகமம், உச்ச நீதிமன்றத்தில் அரசியல் சாசனம். 47-க்கு 32 என்று தேறினார். எந்த மேடையில் எந்தத் தொழிலின் மொழியைப் பேச வேண்டும் என்பதில் அவர் டமாரிஸைவிடக் கவனமான ஆள். அதனால்தான் அவருக்கு நீதிபதி நாற்காலி, இவருக்கு மக்கள் ஓட்டு என்றும் சொல்லலாம்.

ஓட்டுக்கு வருவோம். 2022 மார்ச் கடைசியில் மந்திரி பதவியை விட்டு ரிபப்ளிகனோஸ் கட்சியில் சேர்ந்தார். யுனிவர்சல் சபைக்கு நெருக்கமான கட்சி அது. தலைநகர மாவட்டத்திலிருந்து அந்த ஆண்டு ஒரே ஒரு செனட் இடம்தான். போல்சொனாரோவின் சொந்தக் கட்சி வேட்பாளர் ஃபிளாவியா அருடா, அவரும் முன்னாள் மந்திரி. கூட்டணிக் கணக்குக்காக ஜூலையில் டமாரிஸை ஒதுக்கியே விட்டார்கள். ஆகஸ்டில் கடைசி நேரத்தில் கட்சி அவரை நிறுத்தியது. அதிபரின் மனைவி மிஷெல், கணவரின் கட்சி வேட்பாளரை விட்டுவிட்டு டமாரிஸோடு வீதிக்கு வந்தார். சபைச் சகோதரிகளின் வட்டம் கட்சிக் கட்டளையைவிட வேகமாக வேலை செய்தது. முடிவு: டமாரிஸ் 7 லட்சத்து 14 ஆயிரம் வாக்குகளுக்கு மேல், ஏறத்தாழ 45 சதவீதம். அருடா வெகுதூரம் பின்னால். நின்ற முதல் தேர்தலே இது. உங்கள் கேள்விக்குத் திரும்பினால், சபைகளின் ஓட்டு பலம் அவருக்கு நேரடியாகக் கைகொடுத்தது மந்திரியாகும்போது அல்ல, இந்த 2022-இல்தான்.

செனட்டில் அவர் முழு எதிர்க்கட்சிக்காரர். 2023 ஜனவரி 8 அன்று போல்சொனாரோ ஆதரவாளர்கள் பிரசிலியாவின் அரசுக் கட்டடங்களுக்குள் புகுந்து நடத்திய கலவரத்தில் பிடிபட்டவர்களின் சிறை நிலைமையை மனித உரிமைப் பிரச்சினையாகப் பேசுகிறார்; அவர் மந்திரியாக இருந்தபோது சிறைவாசிகளின் உரிமைக்கு இவ்வளவு குரல் கேட்டதில்லை என்று எதிர்த்தரப்பு குத்திக்காட்டும். யனோமாமி பழங்குடிகள் பட்டினியிலும் மலேரியாவிலும் செத்தது 2023 தொடக்கத்தில் வெளியே வந்தபோது, மனித உரிமைத்துறை மந்திரியாக இருந்தவர் என்ன செய்தார் என்ற கேள்வி அவரை விடவில்லை. 2025 பிப்ரவரியில் செனட்டின் மனித உரிமைக் கமிட்டிக்குத் தலைவரானார். அதே ஆண்டு செப்டம்பரில் போல்சொனாரோவுக்கு ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி வழக்கில் 27 ஆண்டு 3 மாதச் சிறைத் தண்டனை விழுந்த பிறகும் அவர் முகாம் மாறவில்லை.

கமிட்டி நடத்துவது அவருக்குப் புது வேலை இல்லை. தலைவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று காதில் குறிப்புச் சொல்லிப் பழகியவர். பழைய முதலாளி மாக்னோ மால்டாவும் 2022-இல் மறுபடி ஜெயித்து, 81 பேர் கொண்ட அதே அவையில் அவருக்குச் சமமாக உட்கார்ந்திருக்கிறார். செனட் பதவி எட்டு ஆண்டு என்பதால் 2031 தொடக்கம்வரை டமாரிஸுக்கு இடம் உறுதி. 2026 தேர்தலில் இடம் காக்க அவர் நிற்க வேண்டிய கட்டாயமே இல்லை.